அந்த பழைய ஸ்பீடிங் டிக்கெட்டையும் எழுதிடுங்க: அமெரிக்காவுல ஏர்லைனுக்கு அப்ளை பண்ற நம்ம பிள்ளைங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிங்களுக்கும், அவங்க பறக்கணும்னு கடன் வாங்கி ஃப்ளைட் ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டு இருக்கற அப்பா அம்மாக்களுக்கும்,

வணக்கம். நான் இங்க ஒரு ஏர்லைன்ல கேப்டனா இருக்கேன். போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணான், 1500 மணி நேரம் ஃப்ளையிங் முடிச்சாச்சு அண்ணா, ரீஜனல் (சின்ன) ஏர்லைனுக்கு அப்ளிகேஷன் போடறேன், 19 வயசுல கார்ல வேகமா போய் போலீஸ் கிட்ட வாங்கின ஒரு ஸ்பீடிங் டிக்கெட் இருக்கு, அப்பா அதை எழுதவே வேணாங்கறார், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டான். பின்னாடி அவங்க அப்பா குரலும் கேட்டுச்சு, "ஃபைன் கட்டியாச்சுல்ல, முடிஞ்சு போன விஷயம், நாமளே ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கணும்"னு. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை, ஏன்னா கிட்டத்தட்ட இதே வார்த்தையை எங்க அப்பா 1999-ல சொல்லி நான் கேட்டிருக்கேன். அன்னைக்கு ராத்திரியே இதை எழுத உக்காந்துட்டேன்.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். நாங்க ஹூஸ்டன். நான் காலேஜ் படிக்கறப்ப, ஆஸ்டின்ல இருந்து 290 ஹைவேல வீட்டுக்கு வந்துட்டு இருந்தேன், 70 மைல் லிமிட்ல வர்ற ரோடு ஒரு சின்ன ஊர் கிட்ட வந்ததும் 55 ஆயிடும், நான் போர்டை கவனிக்கலை, 71-னு எழுதி ஒரு டிக்கெட் கையில குடுத்துட்டு போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து பயந்துகிட்டே அப்பா கிட்ட நீட்டினேன். அவர் திட்டவே இல்லை, மறுநாள் மணி ஆர்டர் எடுத்து அந்த ஊர் கோர்ட்டுக்கு அனுப்பிட்டு, முடிஞ்சுது, இனி இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதன்னார். நானும் பேசலை. பேசாம இருந்து இருந்து கடைசில மறந்தே போயிட்டேன், இது சத்தியம்.

2007 கடைசில ஒரு பெரிய ஏர்லைன்ல இன்டர்வியூ கிடைச்சுது, பேர் வேணாம். அதுக்குள்ள மூணு வருஷம் ரீஜனல்ல ஓட்டியிருந்தேன். அப்ளிகேஷன்ல கேள்வி ரொம்ப தெளிவா இருந்துச்சு, வாழ்க்கையில எப்பவாவது வாங்கின எல்லா மூவிங் வயலேஷனையும் (வண்டி ஓட்டறப்ப பண்ற விதி மீறலையும்) எழுதுன்னு. நான் ரெண்டு எழுதினேன், ரெண்டும் 2001-க்கு அப்புறம் வாங்கினது. இன்டர்வியூ நல்லா போச்சு, சிமுலேட்டர் நல்லா போச்சு, கண்டிஷனல் ஆஃபர் கையில வந்துச்சு, அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கிட்டதை எல்லாம் லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன். நீ எழுதினதும் பேக்ரவுண்ட் ரிப்போர்ட்ல வந்ததும் ஒத்துப்போகலை, ஆஃபரை திரும்ப எடுத்துக்கறோம்னு. அப்புறம் தபால்ல ரிப்போர்ட் காப்பி வந்துச்சு, அதுல 1999, டெக்சஸ், ஸ்பீடிங், ஒரே ஒரு வரி.

ஒரு வேலை போச்சு, அவ்ளோ தானேன்னு வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு தோணும். ஏர்லைன்ல சீனியாரிட்டி நம்பர்தான் எல்லாம், எந்த ஊர் பேஸ், எந்த விமானம், எப்ப கேப்டன், தீபாவளிக்கு வீட்ல இருப்பியா இல்லை ஏதோ ஒரு ஊர் ஓட்டல்ல இருப்பியா, எல்லாத்தையும் சேர்ந்த தேதிதான் முடிவு பண்ணும். 2007 டிசம்பர் 13-ஆம் தேதி பைலட் ரிட்டையர்மெண்ட் வயசை 60-ல இருந்து 65 ஆக்கற சட்டத்துல கையெழுத்து ஆச்சு, போக வேண்டியவங்க யாரும் போகலை, அடுத்த வருஷம் பொருளாதாரமே கவுந்துச்சு, பெரிய ஏர்லைன்ல எல்லாம் ஆள் எடுக்கறது நின்னு போச்சு. எனக்கு அடுத்த வாய்ப்பு வந்தது 2014-ல. ஏழு வருஷம். சேர்ந்திருந்தாலும் 2008-ல என்னை ஃபர்லோல, அதாவது சம்பளம் இல்லாத கட்டாய லீவுல, அனுப்பியிருக்கலாம், இல்லைன்னு சொல்லலை, ஆனா ஒரு சீனியாரிட்டி நம்பர் என் பேர்ல இருந்திருக்கும், கூப்பிடறப்ப திரும்பிப் போயிருப்பேன்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அந்த 1999 டிக்கெட்டை எழுதியிருந்தா ஒருத்தரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு அப்புறம் வாங்கின ரெண்டையே அவங்க பெருசா எடுத்துக்கலை. 2014-ல வேற ஏர்லைனுக்கு அப்ளை பண்றப்ப அந்த 1999 டிக்கெட்டைத்தான் முதல் வரியா எழுதினேன். இன்டர்வியூல அதைப் பத்தி கேட்டாங்க, நாலு வாக்கியம் சொன்னேன், அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. 2007-ல என் வேலையைக் கொண்டு போனது டிக்கெட் இல்லை, காலியா விட்ட அந்த ஒரு வரி.

அப்பா அம்மாக்களே, அண்ணன்களே, அக்காக்களே, இப்ப உங்க கிட்ட பேசறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல டிராஃபிக் போலீஸ் நிறுத்தினா ஃபைன் கட்டுவோம், ரசீதை சட்டைப் பையில வச்சு அதுவும் துணியோட துவைஞ்சு போகும், அதோட கதை முடிஞ்சுது. அந்த பழக்கத்துலயே இங்கயும் ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சதுன்னு நினைக்கறோம். இங்க ஃபைன் கட்டறதுன்னா பெரும்பாலும் குற்றத்தை ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம், அது குற்றத் தீர்ப்பா, அதாவது கன்விக்‌ஷனா உக்காந்துக்கும். எங்க அப்பா மணி ஆர்டர் அனுப்பினப்ப என் பேர்ல ஒரு குற்றத்தை ஒத்துக்கிட்டார், அவருக்கும் அது தெரியாது எனக்கும் தெரியாது.

இன்னொண்ணு, மாநிலத்துக்கு மாநிலம் வார்த்தையே மாறும். டெக்சஸ்ல சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டே சட்டத்துல கிளாஸ் சி மிஸ்டிமீனர், அதாவது சின்ன வகை கிரிமினல் குற்றம். வர்ஜீனியாவுல லிமிட்டை விட 20 மைலோ அதுக்கு மேலயோ போனாலோ, லிமிட் என்னவா இருந்தாலும் 85-ஐ தாண்டினாலோ அது ரெக்லெஸ் டிரைவிங் ஆகலாம், கிளாஸ் 1 மிஸ்டிமீனர், ஜெயில் தண்டனை வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. நம்ம பசங்க இதையும் "ஒரு ஸ்பீடிங் டிக்கெட்"னு தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. அப்ளிகேஷன்ல "மிஸ்டிமீனர் கன்விக்‌ஷன் உண்டா"ன்னு தனியா ஒரு கேள்வி வர்றப்ப, நான் என்ன திருடனா கொலைகாரனான்னு நினைச்சுக்கிட்டு இல்லைன்னு டிக் பண்ணிட்டு போயிடுவாங்க, அவங்க மனசுல பொய்யே இருக்காது, ஆனா பேப்பர்ல அது பொய்.

கலிஃபோர்னியாவுல டிராஃபிக் ஸ்கூல் போனா அந்த டிக்கெட் இன்சூரன்ஸ்காரங்க கண்ணுல படாம மறைஞ்சிடும், டெக்சஸ்ல டிஃபென்சிவ் டிரைவிங் கிளாஸ் முடிச்சா டிஸ்மிஸ் ஆயிடும், அதனால அப்படி ஒரு டிக்கெட்டே இல்லைன்னு நினைக்காதீங்க. டிக்கெட் எழுதப்பட்டுச்சா, குற்றம்னு தீர்ப்பாச்சா, கைது ஆச்சா, இது மூணும் மூணு வேற வேற கேள்வி. சில ஏர்லைன் "டிஸ்மிஸ் ஆனதையும் சேர்த்து"ன்னு போட்டே கேப்பாங்க, சிலர் கன்விக்‌ஷன் மட்டும் கேப்பாங்க, சிலர் இத்தனை வருஷத்துக்குள்ளன்னு கேப்பாங்க, சிலர் வாழ்க்கை முழுக்க கேப்பாங்க. என்ன கேட்டிருக்காங்களோ அதை வார்த்தை வார்த்தையா படிச்சு அதுக்கு பதில் எழுதுங்க. பார்க்கிங் டிக்கெட் மூவிங் வயலேஷன் கிடையாது, கேக்கலைன்னா அதை எழுத வேண்டியதில்லை.

அமெரிக்க அரசோட விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-க்கு சொல்றதையும் ஏர்லைனுக்கு சொல்றதையும் போட்டு குழப்பிக்காதீங்க, ரெண்டும் வேற. வெறும் ஸ்பீடிங் டிக்கெட்டை எஃப்ஏஏ-க்கு யாரும் ரிப்போர்ட் பண்ண வேண்டியதில்லை. ஆனா குடிச்சுட்டோ போதையிலயோ வண்டி ஓட்டின கேஸா இருந்தா, கன்விக்‌ஷன் ஆனாலும் சரி, டிரைவிங் லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணாலும் சரி, 61.15 விதிப்படி 60 நாளைக்குள்ள எஃப்ஏஏ செக்யூரிட்டி பிரிவுக்கு எழுத்துல தெரிவிக்கணும், ஒரே சம்பவத்துல லைசென்ஸ் சஸ்பெண்ட் ஒரு தேதியிலயும் கோர்ட் தீர்ப்பு இன்னொரு தேதியிலயும் வந்தா ரெண்டையும் தனித்தனியா. அப்புறம் பைலட் உடல் தகுதிக்கு நிரப்பற மெடிக்கல் ஃபார்ம் 8500-8-ல 18-வது கேள்வி இருக்கு, "உன் வாழ்க்கையில எப்பவாவது"ன்னு தான் ஆரம்பிக்கும், அங்கயும் எழுதணும், மெடிக்கல் ஃபார்ம்ல எழுதிட்டேனேன்னு 60 நாள் ரிப்போர்ட்டை விட்டுடாதீங்க, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது. அதே கேள்வில லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன சங்கதியும் வருது. ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டை கட்டாம விட்டு, கோர்ட்டுக்கும் போகாம விட்டு, அதனால லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆயிருந்தா அது இனி சாதாரண டிக்கெட் இல்லை. ஏதோ கிளாஸ் போனதைப் பத்தியும் அந்த கேள்வில ஒரு வரி இருக்கு, உங்க கேஸ் அதுல வருமா வராதான்னு சந்தேகம் இருந்தா ஒரு ஏவியேஷன் வக்கீல் கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க, அந்த காசு தண்டம் இல்லை. மெடிக்கல் ஃபார்ம்ல பொய் எழுதினது தெரிஞ்சா மெடிக்கல் மட்டும் இல்லை, பைலட் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் பறிக்கற அதிகாரம் எஃப்ஏஏ-க்கு உண்டு. கையெழுத்து போடறப்பவே நேஷனல் டிரைவர் ரிஜிஸ்டரை தேடிப் பாக்க நீங்களே சம்மதம் குடுக்கறீங்க, அது அந்த ஃபார்ம்லயே அச்சாகி இருக்கு, நிறைய பேர் படிக்கறதில்லை.

அந்த ரிஜிஸ்டரைப் பத்தியும் ஒரு தப்பான நம்பிக்கை ஓடுது. அதுல லைசென்ஸ் சஸ்பெண்ட், ரத்து, பெரிய குற்றங்கள் இது மாதிரி தான் இருக்கும், சாதாரண ஸ்பீடிங் வராது. அதனால எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு பசங்க பேசிக்கறாங்க. ஏர்லைன் அதை மட்டும் பாக்கறதில்லையே, நீங்க லைசென்ஸ் வச்சிருந்த மாநிலங்கள்ல இருந்து முழு ரெக்கார்டு கேக்கலாம், கோர்ட் பதிவு தேடலாம், இல்லை உங்களையே கொண்டு வரச் சொல்லலாம். என் டிக்கெட் எட்டு வருஷம் பழசு, அப்படியே இருந்துச்சு.

ஒரு டிராஃபிக் டிக்கெட்டுக்கு ஏன் இவ்ளோ பிடிவாதம்னு எனக்கும் 2007-ல கோவம் கோவமா வந்துச்சு. இப்ப புரியுது. 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து, கீழ வீட்ல இருந்த ஒருத்தரையும் சேர்த்து 50 பேர் செத்தாங்க. விசாரணையில கேப்டன் முன்னாடி ஃபெயில் ஆன சில செக்ரைடை (விமானம் ஓட்டிக் காட்டற தேர்வை) வேலைக்கு சேர்றப்ப கம்பெனி கிட்ட சொல்லலைன்னு தெரிய வந்துச்சு. 1500 மணி நேரம்னு நீங்க ராப்பகலா பாடுபடறீங்களே, அந்த சட்டமே செத்தவங்க குடும்பங்கள் போராடி வந்தது தான், பைலட்டோட பழைய ரெக்கார்டை ஏர்லைனுக்கு காட்டற பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸும் (பிஆர்டி) அப்படித்தான். பத்து வருஷம் கழிச்சு 2019 பிப்ரவரி 23, ஹூஸ்டன் பக்கத்துல டிரினிட்டி பேல அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானம் விழுந்துச்சு, மூணு பேர் போனாங்க, அது எங்க ஊர், அந்த தண்ணியை நான் எத்தனை தடவை மேல இருந்து பாத்திருக்கேன். ஃபர்ஸ்ட் ஆஃபீசர் முந்தின கம்பெனிகள்ல ட்ரெயினிங்ல திணறினதை அப்ளிகேஷன்கள்ல வேணும்னே மறைச்சிருக்கார்னு விமான விபத்தை விசாரிக்கற அரசு அமைப்பான என்டிஎஸ்பி எழுதுச்சு. ஸ்பீடிங் டிக்கெட்டும் இதுவும் ஒண்ணான்னு கேட்டா ஒண்ணு இல்லை தான், 70-ல 55 போர்டை பாக்காம விட்டவன் ஆபத்தான பைலட்னு யாரும் சொல்லலை. ஆனா அந்த டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க மனசுல அந்த ரெண்டு விமானமும் இருக்கு. நானும் கொஞ்ச நாள் இன்டர்வியூ பேனல்ல உக்காந்திருக்கேன். நாளைக்கு இந்தப் பையன் விமானத்தை தரையில நகர்த்தறப்ப ரெக்கையை எங்கயோ லேசா இடிச்சுட்டா, ராத்திரி யாரும் பாக்கலைன்னா, வந்து சொல்லுவானா? அதைத் தெரிஞ்சுக்க எங்க கையில இருக்கறது அவன் தானே எழுதின அந்த சின்ன சின்ன பதில்கள் தான்.

சரி, செய்ய வேண்டியதை சொல்றேன். அப்ளிகேஷனை திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க லைசென்ஸ் வச்சிருந்த ஒவ்வொரு மாநிலத்துலயும் ரெக்கார்டு வாங்குங்க, மூணு வருஷ ரெக்கார்டு இல்லை, முழுசும். டெக்சஸ்ல டைப் 3-ன்னு கேக்கணும், சர்டிஃபைடு வேணும்னா 3ஏ, தெரியாம டைப் 2 வாங்கினா மூணு வருஷம் தான் வரும், அதைப் பாத்துட்டு சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க. கலிஃபோர்னியாவுல சாதாரண ஒரு பாயிண்ட் டிக்கெட் மூணு வருஷம் சொச்சத்துல ரெக்கார்டுல இருந்து போயிடும், அதனால ரெக்கார்டுல இல்லைங்கறதும் நடக்கலைங்கறதும் ஒண்ணு இல்லை. எந்த ஊர்னு ஞாபகம் இருந்தா அந்த கோர்ட் கிளர்க்குக்கு போன் போடுங்க, பழசா இருந்தாலும் தேடித் தருவாங்க, இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நேஷனல் டிரைவர் ரிஜிஸ்டர்ல உங்க பேர்ல என்ன இருக்குன்னு நீங்களே எழுதிக் கேக்கலாம். பிஆர்டி-ல உங்க ரெக்கார்டை நீங்களே லாகின் பண்ணி பாக்கலாம், அதையும் ஒரு தடவை பாத்துடுங்க, தப்பா ஏறியிருந்தா திருத்தறதுக்கு வழி இருக்கு.

இன்சூரன்ஸ் எதுக்கு திடீர்னு ஏறுச்சுன்னு பழைய பில்லை பாத்தா கூட சில பேருக்கு ஞாபகம் வரும். கூட ரூம்ல இருந்த ஃப்ரெண்டை கேளுங்க. அம்மாவை கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

எழுதறப்ப தேதி, ஊர், லிமிட் எவ்ளோ, எவ்ளோல போனீங்க, என்ன ஆச்சு, ஃபைன் கட்டியாச்சா, இது போதும். தேதி சரியா தெரியலைன்னா தோராயமா இந்த வருஷம்னு போட்டு, மாநிலத்துல ரெக்கார்டு கேட்டேன், இப்ப அவங்க கிட்ட இல்லைன்னு சேர்த்து எழுதுங்க. போலீஸ்காரர் வேணும்னே புடிச்சார், அந்த ரோட்ல எல்லாருமே அப்படித்தான் போவாங்க, நம்ம நிறத்தைப் பாத்து நிறுத்தினாங்க, இதெல்லாம் உண்மையாவே இருந்தாலும் அந்த பெட்டிக்குள்ள வேணாம். இன்டர்வியூல கேட்டா, போர்டை பாக்கலை, வேகமா போனேன், ஃபைன் கட்டினேன், அதுக்கு அப்புறம் இப்படி இப்படி மாறினேன், முடிச்சுக்கோங்க. மூணு நாலு டிக்கெட் ஒரே வருஷத்துல இருந்தா கேள்வி ஜாஸ்தி வரும், அது நியாயமான கேள்வி, அதுக்கும் உக்காந்து யோசிச்ச ஒரு பதில் வேணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி எழுதாதீங்க, எழுதினது எல்லாத்துக்கும் காப்பி வச்சுக்கோங்க, ரீஜனல்ல எழுதினதும் அஞ்சு வருஷம் கழிச்சு பெரிய ஏர்லைனுக்கு எழுதறதும் முரண்பட்டா அதுக்கு பதில் சொல்ல முடியாம நிப்பீங்க.

ஏர்லைன்ல ஆள் எடுக்கற இடத்துல இருக்கற நம்மவங்க யாராவது இதைப் படிச்சா உங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள். சாதாரண டிக்கெட்டுக்கு "வாழ்க்கையில எப்பவாவது"ங்கற கேள்வியை எடுத்துட்டு பத்து வருஷம்னு வைக்கச் சொல்லி உங்க மேனேஜர் கிட்ட பேசுங்க. மாநிலமே அழிச்சுப் போட்ட ரெக்கார்டை 45 வயசு ஆளு ஞாபகத்துல இருந்து எழுதணும்னா, அங்க நேர்மையை அளக்கறோமா இல்லை ஞாபக சக்தியை அளக்கறோமா? ஏர்போர்ட் பேட்ஜுக்கு கைரேகை எடுத்து பாக்கறாங்களே, அங்க கொலை, கடத்தல், ஆயுதம்னு இருக்கற பெரிய குற்றங்களுக்கே பத்து வருஷம் தான் பின்னாடி போறாங்க. ரிப்போர்ட்ல புதுசா ஒண்ணு வந்தா ஆஃபரை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையனை ஒரு தடவை கூப்பிட்டு கேளுங்க. என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா எங்க அப்பா மணி ஆர்டர் அனுப்பினதை சொல்லியிருப்பேன், நம்பறதும் நம்பாததும் அவங்க இஷ்டம்.

அப்பாவுக்கு இது ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்சப்ப அவர் ஒண்ணும் பேசலை, கராஜுக்கு போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்தார், அதுக்குள்ள அந்த மணி ஆர்டர் ரசீது இருந்துச்சு, அத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்திருக்கார், என்னைக்காவது யாராவது கட்டலைன்னு கேட்டா காட்டணும்னு. 2014 இன்டர்வியூக்கு அந்த ரசீதையும் ஃபோல்டர்ல வச்சு எடுத்துட்டு போனேன்.

அந்த தம்பி டெக்சஸ் ரெக்கார்டுக்கு எழுதிப் போட்டுட்டான், அவங்க அப்பாவும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம், ஒத்துக்கிட்டார். ஏற்கனவே அப்ளிகேஷன் அனுப்பிட்டு, இதைப் படிக்கறப்ப தான் ஏதோ ஒரு டிக்கெட் ஞாபகம் வருதுன்னா பயப்படாதீங்க, ஆன்லைன் அப்ளிகேஷன்ல நிறைய இடத்துல போய் திருத்தி சேமிக்கலாம், இன்டர்வியூ தேதி வந்துடுச்சுன்னா அவங்களுக்கு ரெண்டு வரி ஈமெயில் போடுங்க, விட்டுப் போச்சு, இப்ப தான் தெரிஞ்சுது, இதோ விவரம்னு. அவங்க போன் வர்றதுக்கு முன்னாடி உங்க ஈமெயில் போயிருக்கணும்.

அன்புடன்,
ஹூஸ்டன்ல இருந்து உங்க அண்ணன் ஒருத்தன்